திருச்சி: மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், காவிரிக்கரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சிக்கு வருகிறவர்கள் பேருந்து நிலையத்திலும் படித்துறையிலும் மலையடிவாரத்திலும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. எங்கே போவது என்பதைவிட எந்த மாதம், எத்தனை மணிக்குப் போவது என்பதுதான் இந்த ஊரில் முக்கியம். ஒரே இடம் காலை ஆறு மணிக்கு ஒரு மாதிரி, மதியம் ஒரு மணிக்கு வேறு மாதிரி.

1. வெளியூர்லேர்ந்து பஸ்ஸில் வர்றோம். எங்கே இறங்கினா எல்லாம் பக்கம்?

2025 முதல் வெளியூர்ப் பேருந்துகளில் பெரும்பாலானவை பஞ்சப்பூர் முனையத்துக்குத்தான் வருகின்றன. அது ஊருக்குத் தெற்கே, தள்ளி இருக்கிறது. அங்கே இறங்கி டவுன் பஸ் பிடித்துச் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள். சத்திரத்திலிருந்து மலைக்கோட்டை அடிவாரம் நடக்கிற தூரம். வடக்கே பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும்.

ஜங்ஷனில் இறங்குகிறவர்களுக்கு 1ஆம் நம்பர் பஸ் போதும். சத்திரம், காவிரிப் பாலம், மாம்பழச்சாலை வழியாக ஸ்ரீரங்கம் போகும். தங்குவதற்குக் கன்டோன்மென்ட் பக்கம் விடுதிகள் அதிகம். ஊர் சுற்றிப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் சத்திரம் அல்லது ஸ்ரீரங்கம் பக்கம் அறை எடுப்பது புத்திசாலித்தனம். காலையில் அரைமணி நேரம் மிச்சமாகும்.

2. மலைக்கோட்டைக்கு எத்தனை படி? லிஃப்ட் ஏதாவது இருக்கா?

நானூற்றுச் சொச்சம். 417 என்றும் 437 என்றும் இரண்டு கணக்கு சொல்வார்கள். எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். பாறையின் உயரம் 83 மீட்டர், அதாவது சுமார் 273 அடி. உச்சிக்குப் போகப் படிதான் வழி.

படிகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர். அங்கிருந்து தாயுமானவர் சன்னதிப் பிரிவு வரை மேலே கூரை உண்டு. பாறையைக் குடைந்த இருட்டு வழி, வெயில் படாது. அதற்கு மேல் கடைசிப் பகுதி திறந்தவெளி. பாறை முகத்திலேயே வெட்டிய செங்குத்தான படிகள், ஒரு பக்கம் கைப்பிடி. மூச்சு வாங்குவதும் தலை சுற்றுவதும் இந்தக் கடைசிப் பகுதியில்தான்.

3. அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிட்டுப் போகலாமா?

தாயுமானவர் சன்னதி வரை நிதானமாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறச் சொல்லலாம். கூரைக்குக் கீழே ஓரமாக உட்கார இடம் உண்டு. உச்சிப் பிள்ளையாருக்குப் போவது அவர் விருப்பம். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். படியேறவே முடியாதவர்கள் அடிவாரத்து மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவது வழக்கம்தான். அதில் குறை ஒன்றும் இல்லை.

செருப்பைக் கீழேயே விட வேண்டும். அதனால் வெயில் ஏறிய பிறகு திறந்தவெளிப் படியில் பாதம் பொசுங்கும். பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு ஏறுங்கள். மழை பெய்திருந்தால் மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள், வழுக்கும்.

4. உச்சியிலிருந்து ஊரைப் பார்க்க எந்த நேரம் நல்லது?

காலை ஆறு மணிக்கே வழி திறந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் உதிக்க ஆறரை ஆகிவிடுவதால், ஆறுக்கு ஏறத் தொடங்கினால் உதயத்தை உச்சியிலிருந்தே பார்க்கலாம். வைகாசி, ஆனியில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும். அப்போது உதயம் கிடைக்காது. ஆனால் வெயில் சுடுவதற்குள் இறங்கிவிடலாம்.

மாலையில் ஐந்து மணிக்கு ஏறினால் அஸ்தமனமும் விளக்கேற்றிய ஊரும் இரண்டும் கிடைக்கும். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். ஆனி, ஆடியில் ஆறே முக்கால் வரை வெளிச்சம். பதினொன்றிலிருந்து நான்கு வரை போகாதீர்கள். பாறை கொதிக்கும், தாயுமானவர் நடை சாத்தியிருக்கும், ஆற்றுப்பக்கம் முழுக்க வெள்ளைப் புகையாகத் தெரியும்.

5. மேலே நின்னா எது எதுன்னு எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?

வடக்கே திரும்பி நில்லுங்கள். முதலில் காவிரி, மலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்கு அப்பால் தென்னையும் வீடுகளும் நிறைந்த நிலப்பரப்பு ஸ்ரீரங்கம் தீவு. இலேசாக இடப்பக்கம் எல்லாவற்றையும் விட உயர்ந்து நிற்பது ராஜகோபுரம். அது தெற்கு வாசல் கோபுரம் என்பதால் அதன் முகம் நேராக உங்களைப் பார்த்தபடி இருக்கும். அதன் பின்னால் சின்னதாக அடுக்கடுக்காகத் தெரிவது உள் கோபுரங்கள். வலப்பக்கம் சற்றுக் கிட்டத்தில் தெரிகிற கோபுரங்கள் திருவானைக்காவல்.

தீவுக்கும் அப்பால் நீளமாக ஒரு மணல் பட்டை தெரிந்தால் அது கொள்ளிடம். பலர் அதை வறண்ட வயல் என்று நினைத்துவிடுகிறார்கள். மேற்கே கீழே குனிந்து பார்த்தால் தெப்பக்குளம், நடுவில் மண்டபம். அதன் பக்கத்தில் கூரான ஊசிக் கோபுரத்தோடு லூர்து அன்னை ஆலயம். தென்கிழக்கே தாழ்வான குன்று பொன்மலை.

உச்சிப் பிள்ளையார் கதையும் இந்தக் காட்சியோடு சேர்ந்ததுதான். அரங்கநாதர் விமானத்தைத் தீவில் தரையில் வைத்துவிட்ட சிறுவனை விபீஷணன் துரத்த, அவன் ஓடி ஏறி உட்கார்ந்த இடம் இது என்பது தலபுராணம். எங்கிருந்து எங்கே ஓடினார் என்று மேலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

6. கோட்டை கோட்டைன்னு சொல்றாங்க, சுவரையே காணோமே?

பாறையைச் சுற்றி நாயக்கர் காலத்துக் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. 1751–52இல் கர்நாடகப் போரின்போது முற்றுகைக்கு ஆளானது அந்தக் கோட்டைதான். 19ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்துவிட்டார்கள். இன்று ஈ.பி. ரோடு, டபிள்யூ.பி. ரோடு என்று ஊர்க்காரர்கள் சொல்கிற கிழக்கு, மேற்கு புலிவார்டு சாலைகள் அந்த மதில் ஓடிய தடத்தை ஒட்டிப் போகின்றன. மிச்சமாக நிற்கிற வாசல் மெயின் கார்டு கேட். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் துணி வாங்க அதற்குள் நுழைந்து போகிறார்கள்; நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு.

ராணி மங்கம்மாள் மகால் என்கிற தர்பார் மண்டபமும் அடிவாரத்துப் பக்கம்தான். இப்போது அரசு அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை விடுமுறை.

7. பல்லவர் குகைன்னு ஒண்ணு இருக்காமே? ஏறி இறங்கிட்டோம், கண்ணுலயே படல.

கண்ணில் படாததற்குக் காரணம், எல்லோரும் உச்சியைக் குறி வைத்து ஏறுவதுதான். மேல் குடைவரை, தாயுமானவர் சன்னதிப் பிரிவைத் தாண்டிய பிறகு, உச்சிக்குப் போகும் திறந்தவெளிப் படிக்கு முன்னால், நடைவழியை விட்டுச் சற்று ஒதுங்கி இருக்கிறது. தொல்லியல் துறையின் பலகை இருக்கும். ஏறும்போதே “பல்லவர் குகை எங்கே” என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்தது. லலிதாங்குர பல்லவேச்சுர கிருகம் என்று பெயர். அடிவாரத்தில் பாண்டியர் காலத்துக் குடைவரை இன்னொன்றும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உள்ளே போனதும் மேற்குச் சுவரைப் பாருங்கள். கங்காதரர். நான்கு கைகளில் ஒன்று சடைப்புரி ஒன்றை விரித்துப் பிடித்திருக்க, அதில் கங்கை சின்னப் பெண்ணுருவாக இறங்குகிறாள். தூக்கிய காலை ஒரு பூதகணம் அடியிலிருந்து தாங்குகிறது. சிற்பத்தின் இரண்டு பக்கத் தூண்களிலும் சமஸ்கிருதக் கல்வெட்டு. அதன் ஒரு பாடலின் சாரம்: ஆறு என்றாலே பிரியம் கொள்கிற சிவன் காவிரியின் அழகைக் கண்டு மயங்கிவிடுவானோ என்று பயந்து, மலைமகள் பிறந்தகத்தை விட்டு இந்த மலைக்கே குடிவந்து, “இந்த நதி பல்லவனின் நாயகி” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சோழநாட்டு ஆற்றைப் பல்லவன் தன் மனைவி என்று உரிமை கொண்டாடுகிற அரசியல் இது. மலையில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், உச்சியைவிட இதையே சொல்வோம்.

உள்ளே வெளிச்சம் குறைவு. கண் பழக இரண்டு நிமிடம் நில்லுங்கள். சிற்பத்தின் ஆழம் அப்போதுதான் பிடிபடும்.

8. போன தடவை மே மாசம் வந்தோம். காவிரியில் வெறும் மணல். தண்ணி எப்போ இருக்கும்?

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12, மூடப்படும் நாள் ஜனவரி 28. அணையில் இருப்பு இருந்தால்தான் அந்தத் தேதி, இல்லாவிட்டால் தள்ளிப்போகும். திறந்து மூன்று நான்கு நாளில் தண்ணீர் திருச்சியைத் தொடும். ஆகவே ஜூலை முதல் ஜனவரி வரை வந்தால் ஆறு ஆறாகத் தெரியும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூன் பாதி வரை மணல்தான், நடுவே ஒரு ஓடை ஓடினால் அதிர்ஷ்டம்.

கொள்ளிடம் வேறு கதை. அது வெள்ள வடிகால். ஆறு இரண்டாகப் பிரிகிற முக்கொம்பில் காவிரிக்குப் போதுமான தண்ணீர் போக, உபரி வந்தால்தான் கொள்ளிடத்தில் திறப்பார்கள். காவிரி இரு கரையும் புரண்டு ஓடுகிற மாதத்திலும் கொள்ளிடம் மணலாகக் கிடப்பது சகஜம்.

9. மலைக்கோட்டையை முழுசா ஒரே படத்தில் எடுக்க எங்கே நிக்கணும்?

மலை மேல் நின்றால் மலை தெரியாது. ஆறும் மலையும் சேர்ந்து வேண்டுமென்றால் காவிரிப் பாலம். இப்போதுள்ள பாலம் 1976இல் வந்தது, நடைபாதை உண்டு. தெற்கே பார்த்தால் மலை, மேற்கே அஸ்தமனம். மாலை ஐந்தரைக்கு மலையின் மேற்கு முகத்தில் மஞ்சள் வெயில் விழும். காலையில் பாலத்தில் வாகன நெரிசல், நிற்பதே சிரமம்.

குளத்தோடு வேண்டுமென்றால் தெப்பக்குளத்தின் மேற்குக் கரை. தண்ணீர் இருந்து காற்று இல்லாவிட்டால் மலை தலைகீழாக விழும். அதுவும் மாலை வெயிலில்தான். கரையில் கடைகளும் மின்கம்பிகளும் நெருக்கம் என்பதால் கம்பி விழாத இடுக்கைத் தேட வேண்டியிருக்கும்.

10. ரயிலில் வரும்போது மலை தெரியும்னாங்க. எந்தப் பக்கம் உட்காரணும்?

சென்னையிலிருந்து விழுப்புரம், அரியலூர் வழியாக வந்தால் வண்டி போகும் திசையில் வலப்பக்கம். முதலில் கொள்ளிடப் பாலம், அப்புறம் ஸ்ரீரங்கம் நிலையம், அடுத்து காவிரிப் பாலம். காவிரியைக் கடக்கும்போது மலை வலப்பக்கம் எழுந்து நிற்கும். கையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். டவுன் நிலையத்துக்கு முன்பே முடிந்துவிடும்.

11. ஸ்ரீரங்கத்தில் எல்லாக் கோபுரமும் ஒரே இடத்திலிருந்து தெரியுமா?

கோயிலுக்குள் மாடியேறிக் கோபுரங்களைப் பார்க்க ஓர் இடம் உண்டு. தனிச் சீட்டு. ரங்கவிலாச மண்டபத்துப் பக்கம் விசாரித்தால் சொல்வார்கள். விழா நாட்களில் திறக்காமல் விடுவதும் உண்டு. பெருமாளின் தங்க விமானமும் நாலாபக்கக் கோபுர வரிசையும் அங்கிருந்து தெரியும். தளம் கருங்கல், பந்தல் கிடையாது. 3ஆம் கேள்வியில் சொன்ன காலுறை இங்கும் உதவும்.

மொத்தம் 21 கோபுரம், ஏழு பிராகாரம், 156 ஏக்கர். எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கிற வேலையில் இறங்காதீர்கள். கிழக்குப் பக்கம் வெள்ளைக் கோபுரத்துக்கு உள்ளே சேஷராயர் மண்டபத்துக்குப் போங்கள். பாயும் குதிரைகளும் அவற்றின் கீழே வேட்டைக்காரர்களும் ஒற்றைக் கல்லில். தரிசன வரிசையில் மூன்று மணி நேரம் நிற்பவர்கள் இதைப் பார்க்காமலே ஊர் திரும்புகிறார்கள் என்பது எங்கள் வருத்தம்.

12. ராஜகோபுரத்தைப் படம் எடுத்தா எப்பவும் முகம் இருட்டா விழுது. ஏன்?

நீங்கள் வந்த மாதம் அப்படி. கோபுரம் தெற்கு நோக்கியது. சித்திரையிலிருந்து ஆவணி தொடக்கம் வரை திருச்சியில் உச்சிச் சூரியனே வடக்கே சாய்ந்துதான் போகிறது. தெற்கு முகத்தில் நேர் வெயில் விழாது. ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால் நாள் முழுக்க முகத்தில் வெளிச்சம் இருக்கும். கோடையில்தான் வர முடியும் என்றால் வானம் மேகமூட்டமாக இருக்கும் நேரத்தைப் பயன்படுத்துங்கள், அல்லது விளக்குப் போட்ட பிறகு எடுங்கள்.

இன்னொரு காரணம், மிகக் கிட்டத்தில் நிற்பது. 236 அடி, 13 நிலை. அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்கிற மாதிரி விழும். தெற்கே கடைவீதியில் இருநூறு முந்நூறு அடி பின்னால் போய் எடுங்கள். நாயக்கர் காலத்திலிருந்து மொட்டையாக நின்ற இந்தக் கோபுரத்தைக் கட்டி முடித்தது 1987இல்தான். பழைய படங்களில் இது இல்லையே என்று குழம்ப வேண்டாம்.

13. திருவானைக்காவலுக்கு எப்போ போனா நல்லது?

மதியம் பன்னிரண்டுக்குள் போய்ச் சேருங்கள். உச்சிக்கால பூஜையில் அர்ச்சகர் அகிலாண்டேசுவரியின் கோலத்தில் புடவை கட்டி, மேளத்தோடு அம்மன் சன்னதியிலிருந்து ஜம்புகேசுவரர் சன்னதிக்கு வந்து பூஜை செய்வார். நாள்தோறும் நடப்பது. முடிந்ததும் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க மாலையாகும்.

மூலவரை நேராக வாசல் வழியாக அல்லாமல் ஒன்பது துளைச் சாளரத்தின் வழியாகப் பார்க்க வேண்டும். இது நீர்த்தலம், கருவறையில் ஊற்று கசியும். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஈரம் அதிகம். உள்ளே தாழ்வு, புழுக்கம். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் சாளரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

14. முக்கொம்பா, கல்லணையா? ஒண்ணுதான் போக முடியும்.

எதிரெதிர்த் திசை. முக்கொம்பு மேற்கே சுமார் 18 கி.மீ., காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடம். கல்லணை கிழக்கே சுமார் 20 கி.மீ. குழந்தைகளோடு பூங்கா, மாலைக்காற்று, சாப்பாட்டு மூட்டை என்றால் முக்கொம்பு. போகிற கரூர் சாலையே கம்பரசம்பேட்டை, ஜீயபுரம் வழியாகக் காவிரியை ஒட்டிப் போகிறது. முக்கொம்பில் இருக்கிற மேலணை 1836இல் ஆர்தர் காட்டன் கட்டியது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடப் பகுதியில் மதகுகள் இடிந்து விழுந்தன. அதன்பின் கட்டிய புதுக் கதவணையையும் பார்க்கலாம்.

ஆற்றை எப்படிப் பங்கு பிரிக்கிறார்கள் என்று புரிய வேண்டுமென்றால் கல்லணை. காவிரி, வெண்ணாறு, 1934இல் வந்த கல்லணைக் கால்வாய் (புது ஆறு), கொள்ளிடம் என்று ஒரே இடத்தில் பிரியும். கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல் அடித்தளம் கீழே இருக்கிறது. கண்ணில் படும் மதகுகளும் பாலமும் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிப் பின்னால் வந்தவை. இதைத் தெரிந்துகொண்டு போனால் “இதுவா ரெண்டாயிரம் வருஷத்து அணை” என்ற ஏமாற்றம் இருக்காது. எதற்குப் போனாலும் 8ஆம் கேள்வியின் தேதிகளைப் பார்த்துவிட்டுப் போங்கள். தண்ணீர் இல்லாத மாதத்தில் இரண்டுமே கான்கிரீட்தான்.

15. ஆத்துல குளிக்கலாமா?

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில், படியை விட்டு இறங்காமல், தடுப்புக்கு உள்ளே. அவ்வளவுதான். காவிரியில் மேலே அமைதியாகத் தெரிந்தாலும் மணல் அள்ளிய பள்ளங்கள் அடியில் இருக்கும். முழங்கால் ஆழத்தில் நிற்பவர் ஒரு அடி எடுத்து வைத்தால் தலை மூழ்கும். நீச்சல் தெரியும் என்பது பள்ளத்துச் சுழலில் உதவாது. முக்கொம்பிலும் கல்லணையிலும் மதகுக்குக் கீழே இறங்கவே கூடாது. அறிவிப்பில்லாமல் திறப்பு கூடும்.

16. நாங்க இந்துக்கள் இல்லை. உள்ளே விடுவாங்களா?

மலைக்கோட்டையில் படியேறி உச்சியிலிருந்து ஊரைப் பார்க்கத் தடை இல்லை. சன்னதிகளுக்குள் அனுமதி இல்லை. ஸ்ரீரங்கத்தில் வெளிப் பிராகாரங்கள், சேஷராயர் மண்டபம் எல்லாம் பார்க்கலாம். உள் பிராகாரங்களுக்குப் போக முடியாது. வாசலில் பலகை இருக்கும். லூர்து ஆலயத்துக்கும் நத்தர்வலி தர்காவுக்கும் எல்லோரும் போகலாம்.

17. கூட்டமே இல்லாத உயரமான இடம் ஏதாவது?

திருவெறும்பூர். தஞ்சாவூர் சாலையில் பெல் ஆலைக்குக் கொஞ்சம் முன்னால், சிறு குன்றின் மேல் எறும்பீசுவரர் கோயில். முற்காலச் சோழர் கட்டுமானம். நூற்றுச் சொச்சம் படி. மலைக்கோட்டை முடியாது என்பவர்களுக்கும் இது முடியும். மாலை நடை திறந்ததும் போனால் வயலும் ஊரும் கீழே விரிந்திருக்க, மண்டபத்தில் நீங்களும் அர்ச்சகரும் மட்டும் இருப்பீர்கள்.

18. ஒரே நாள்தான் இருக்கு. மலை, ஸ்ரீரங்கம், ஆனைக்கா, கல்லணை நாலும் முடியுமா?

முடியும், வரிசை மாறக் கூடாது. ஆறு மணிக்கு மலை. குகையும் பார்த்து எட்டுக்குள் இறங்குங்கள். அடிவாரத்தில் கார் நிறுத்த இடம் இல்லை, சத்திரம் பக்கம் விட்டு நடங்கள். ஒன்பதுக்கு ஸ்ரீரங்கம், இரண்டு மணி நேரம். பதினொன்றரைக்கு ஆனைக்கா, உச்சிக்காலம் பார்த்து அங்கேயே சாப்பாடு. சன்னதி வீதியில் நெய் தோசை கிடைக்கும்.

கல்லணைக்குத் திரும்ப ஊருக்குள் வராதீர்கள். ஆனைக்காவிலிருந்தே திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி வழியாகத் தீவுக்குள்ளேயே காவிரிக் கரையோரம் சாலை போகிறது. வாழைத்தோட்டமும் ஆறுமாக, கல்லணையைவிட அந்தப் பாதை அழகு. சாலை குறுகல், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். ஆறு மணிக்குக் காவிரிப் பாலம்.

தரிசன வரிசையில் நின்றே ஆக வேண்டும் என்றால் கல்லணையை விட்டுவிடுங்கள். இரண்டும் ஒன்றாக நடக்காது.

19. எந்தெந்த நாளில் வரவே கூடாது?

விழாவுக்கென்றே வருகிறவர்களுக்கு இது பொருந்தாது. ஊர் பார்க்க வருகிறவர்கள் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாட்களில் ஸ்ரீரங்கத்தையும், ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தையும் தவிர்க்கலாம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் என்.எஸ்.பி. ரோட்டில் நடக்கவே இடம் இருக்காது. மலை வாசலுக்குப் போக அதுதான் வழி. விநாயகர் சதுர்த்தியன்று 150 கிலோ கொழுக்கட்டை செய்து, பாதியை மாணிக்க விநாயகருக்கும் பாதியைத் தொட்டில் கட்டி மேலே தூக்கிப் போய் உச்சிப் பிள்ளையாருக்கும் படைப்பார்கள். கூட்டம் நெரிக்கும், ஆனால் இந்த ஒன்றுக்கு மட்டும் நெரிசலைப் பொறுத்துக்கொண்டு வரலாம்.